மூக்கை மட்டும் நம்பாதே, தோழா!

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு)



நுரையீரலுக்கு எது கெடுதல் என்று நம்ம ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் இரண்டே பதில்தான் வரும். ஒன்று சிகரெட், இன்னொன்று சிப்காட். இரண்டும் சரியான பதில்தான். அதை மறுக்க நான் பேனா எடுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு, "நான் சிகரெட் பிடிக்கிறதில்ல, என் வீடு சிதம்பரத்துல இருக்கு, எனக்கென்னடா?" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற நண்பர்களுக்குத் தெரியும். முதுநகர் தாண்டி, குடிகாடு, செம்மங்குப்பம் பக்கம் வண்டி வரும்போது காற்று ஆலைப் பக்கமிருந்து வீசினால், யாரும் சொல்லாமலே கர்ச்சீப்புகள் வெளியே வந்துவிடும். அதுவரை சினிமா பேசிக்கொண்டிருந்த வாயெல்லாம் மூடிக்கொள்ளும். ஆலப்பாக்கம் தாண்டியதும் கர்ச்சீப் மடிக்கப்பட்டுப் பாக்கெட்டுக்குள் போய்விடும். அதே நண்பன் பத்து மணிக்கு ஒர்க் ஷாப்பில் பெஞ்ச் கிரைண்டர் முன்னால் நிற்கிறான். தூசி அவன் முகத்துக்கு நேராகப் பறக்கிறது. கர்ச்சீப் எங்கே? பாக்கெட்டிலேயே இருக்கிறது! ஏன் என்று கேட்டால், "இதுல என்ன மச்சான் நாத்தம் இருக்கு?" என்கிறான்.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் மூக்கை வைத்துக்கொண்டு காற்றுக்கு மார்க் போடுகிறோம். நாறினால் விஷம், நாறாவிட்டால் நல்லது, மணத்தால் ரொம்ப நல்லது! மூக்கு ஒரு அளவுக்கருவி என்றால், அதைவிட மோசமான அளவுக்கருவி நம்ம மெட்ராலஜி லேபில்கூடக் கிடையாது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் டிப்ளமோ படித்தவர்கள் இல்லை. சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள். 2004-இல் அந்த ஊர்க்காரர்கள் சிலர் கூடி ஒரு காரியம் செய்தார்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக் காற்றில், எந்த மாதிரி நாற்றம் என்று எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் ஒரு தனி வகைப் பை, ஒரு சின்னப் பம்ப். பக்கெட்டுக்குள் இருக்கிற காற்றைப் பம்ப் வெளியே இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிரம்பும். நம்ம முதலாண்டு இயற்பியல்தான்! அந்தப் பையை ஆய்வகத்துக்கு அனுப்பி, காற்றில் என்னென்ன இருக்கிறது என்று பெயரும் அளவுமாக வாங்கினார்கள். "நாறுது சார்" என்று சொன்னால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "இன்ன ரசாயனம், இவ்வளவு" என்று தாளை நீட்டினால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, 70-க்கு மேல் வாங்கியவை மிக மோசமான பகுதிகள் என்று ஒதுக்கப்பட்டன. கடலூருக்குக் கிடைத்தது 77.45. டிஸ்டிங்ஷன்! என்ன, இது வாங்கக்கூடாத டிஸ்டிங்ஷன்.

அழுகின முட்டை நாற்றம் என்கிறோமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். அளவு கூடிப்போனால் மூக்கின் உணர்வே மரத்துப்போய், "பரவாயில்லை, நாற்றம் போய்விட்டது" என்று தோன்றும். உண்மையில் ஆபத்து அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மூக்கு எந்த லட்சணத்தில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

போபால் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு, மீதைல் ஐசோசயனேட். கண் எரிந்து, நெஞ்சு எரிந்து, ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். ஆனால் அதே யூனியன் கார்பைடின் பெயரோடு சேர்ந்த இன்னொரு சம்பவம் உண்டு. அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்கிற இடத்தில், அந்தக் கம்பெனியின் துணை நிறுவனத்துக்காக 1930-இல் மலையைக் குடைந்து தண்ணீர்ச் சுரங்கம் போட ஆரம்பித்தார்கள். பாறை முழுக்க சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளைபோட்டால் தூசி அடங்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று உலர்வாகவே துளைபோட்டார்கள். பிழைப்பு தேடி வந்த கூலி ஆட்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வெள்ளைத் தூசியில் குளித்தபடி வெளியே வந்தார்கள். கண் எரியவில்லை. நாற்றமில்லை. யாரும் ஓடவும் இல்லை. ஓராண்டு, ஈராண்டுக்குள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். மார்ட்டின் செர்னியாக் என்கிற மருத்துவர் 1986-இல் போட்ட கணக்குப்படி குறைந்தது 764 பேர். விஷவாயு இல்லை நண்பர்களே, வெறும் கல்தூசி! நம்ம ஃபவுண்டரி லேபில் சல்லடை போட்டுச் சலிக்கிறோமே, அதே சிலிக்கா.

தூசிக்குள் என்ன இருக்கிறது, அது போய் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். நம்ம தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். மூக்கு முடியும் சளியும் 10 மைக்ரானுக்கு மேலிருக்கிற பெரிய தூசியை ஓரளவு பிடித்துவிடும். அதைத்தான் சாயந்திரம் மூக்கைச் சிந்தும்போது கறுப்பாகப் பார்க்கிறோம். "எல்லாம் வெளியே வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறோம். 5 மைக்ரானுக்குக் குறைந்த தூசி கண்ணுக்கே தெரியாது, மூக்கில் சிக்காது, நேராக நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடும். அந்த அறைகள் மொத்தம் ஏறக்குறைய 30 கோடி. அங்கே காவல் காக்கிற செல்கள் தூசியை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். சிலிக்காவைச் செரிக்க முடியாது. விழுங்கின செல் செத்துப்போகும், தூசி மறுபடி வெளியே வரும், அடுத்த செல் வந்து விழுங்கும். இப்படியே நடந்து நடந்து, பஞ்சுபோல இருக்கவேண்டிய இடம் தழும்பாக இறுகிப்போகும். அதுதான் சிலிகோசிஸ். ஒருமுறை இறுகின இடத்தைத் திருப்ப மருந்து கிடையாது. இன்னொரு கொடுமை, நுரையீரலின் உள்திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கிற உறைக்குத்தான் வலி தெரியும். ஆக மூக்கும் சொல்லாது, நெஞ்சும் சொல்லாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதுதான் முதல் தந்தி. அதற்குள் பாதி கதை முடிந்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு டிபார்ட்மெண்டாக வருகிறேன். யாரும் தப்பிக்க முடியாது!

முதலில் எங்க மெக்கானிக்கல். மோல்டிங் மணல் ஈரமாக இருக்கும்வரை பறக்காது. வார்ப்பு ஆறினபிறகு பெட்டியைத் தட்டி உடைக்கிறோமே, அப்போது மணல் காய்ந்து பொடியாகியிருக்கும். அந்த அஞ்சு நிமிஷம்தான் மோசமான அஞ்சு நிமிஷம். அதற்குப் பிறகு துடைப்பத்தை எடுத்து உலர்வாகப் பெருக்கி, கீழே இறங்கின தூசியை மறுபடி மேலே ஏற்றிவிடுகிறோம். ஒரு வாளி தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினால் என்ன கேடு? வெல்டிங்கில், ஜி.ஐ. பைப்பைச் சுரண்டாமல் அப்படியே ஆர்க் அடித்தால் மேலே பூசின துத்தநாகம் ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும். ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்புவலி. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எந்த வெல்டிங் புகையானாலும் சரி, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் அதைச் சேர்த்துவிட்டது. அந்த வரிசையில் டீசல் புகை 2012-இலேயே சேர்ந்தாயிற்று.

எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் சிரிக்கவேண்டாம். சால்டரிங் என்றாலே எல்லாரும் ஈயத்துக்குத்தான் பயப்படுகிறோம். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. கையில் ஒட்டி, அந்தக் கையாலேயே பஜ்ஜி சாப்பிடும்போதுதான் அது உள்ளே போகிறது. மூச்சுக்குழாயைக் கெடுப்பது ஃபிளக்ஸ். அது பைன் மரத்துப் பிசின். அதன் புகை கோயில் வாசனைபோலச் சுகமாகத்தான் இருக்கும். அந்தப் புகையிலேயே வருஷக்கணக்கில் குனிந்து வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்துமா வந்திருப்பது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

சிவில்காரர்களுக்கு டைல்ஸ், கிரானைட், கான்கிரீட். வீட்டுக்கு வீடு டைல்ஸ் போடுகிற காலம் இது. ஒரு பையன் மூடின அறைக்குள் உட்கார்ந்து உலர்வாக அறுக்கிறான். அவனைச் சுற்றி மார்கழிப் பனிபோலத் தூசி. அவன் தலையில் துண்டு கட்டியிருப்பான், முடி கெட்டுவிடக்கூடாதாம்! சமையலறை மேடைக்குப் போடுகிறார்களே, குவார்ட்ஸ் பலகை, அதில் சிலிக்கா மிக அதிகம். அதை அறுத்த இளம் தொழிலாளிகளுக்கு வரிசையாக நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சைக்கிள் ஸ்டாண்டுக்கும் அதுதான், டீக்கடைக்கும் அதுதான், நம்மில் பாதிப்பேர் வீட்டு மாடியிலும் அதுதான். முழுசாக இருக்கிற ஷீட்டைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை. நார்கள் சிமெண்டுக்குள் இறுகியிருக்கும். அறுத்தால், துளைபோட்டால், உடைத்தால்தான் வினை. நம்ம மாவட்டத்துக்கோ புயல் என்பது வருஷாவருஷம் வருகிற விருந்தாளி மாதிரி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்துபோன காலையை மறக்க முடியுமா? பெரியவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் உடைந்த ஷீட்டைத் துடைப்பத்தால் கூட்டி, பள்ளத்தில் கொட்டி மிதித்து நிரவுகிறோம். கல்நார் வேலையைக் காட்ட 20, 30, 40 வருஷம்கூட எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தந்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளிகளின் மருத்துவக் குறிப்பேட்டை 40 ஆண்டு பாதுகாக்கவேண்டும் என்று சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தடை செய்துவிட்டது. நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே சிகரெட் பிடிக்கிற நண்பர்களுக்கு ஒரு கணக்கு. இர்விங் செலிகாஃப் குழுவினர் அமெரிக்கத் தொழிலாளிகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டது. சிகரெட்டும் இல்லை, கல்நாரும் இல்லை என்றிருப்பவனோடு ஒப்பிட்டால், கல்நாரில் மட்டும் வேலை செய்தவனுக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகிற ஆபத்து சுமார் 5 மடங்கு. சிகரெட் மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 16 என்றுதானே நினைக்கிறீர்கள்? 53 மடங்கு! கூட்டல் இல்லை தோழா, பெருக்கல்.

வீட்டுக்கு வருவோம். ஹாஸ்டல் நண்பர்களுக்குக் கொசுவர்த்திச் சுருள் இல்லாமல் தூக்கம் வராது. ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் ஏற்றி வைத்துவிட்டுப் படுக்கிறோம். ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வருகிற 2.5 மைக்ரானுக்குக் குறைந்த தூசி, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. சிகரெட் பிடிக்காத உத்தமர்களே, கேட்டீர்களா? கொசுவலைக்கு ஒரு தரம் செலவழித்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம் இவற்றைப் பற்றி எழுதினால் சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் சாமியைக் குறை சொல்லவில்லை. உயரமான மண்டபத்தில் காட்டுகிற தீபாராதனை வேறு, பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிற புகை வேறு. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி, தலை காய வேண்டும் என்று சாம்பிராணிப் புகைமேல் பிடிக்கிறார்களே, அதை மட்டுமாவது நிறுத்தவேண்டும். பாட்டியிடம் போய் "விஷம்" என்று கத்தாதீர்கள். "துண்டால துவட்டினாப் போதுமாம் ஆயா, டாக்டரே சொல்றாங்க" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

விறகடுப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேஸ் வந்தபிறகும் வெந்நீருக்கு விறகு என்று வைத்திருக்கிற வீடுகள் நிறைய. வீட்டு அடுப்புப் புகையால் உலகம் முழுக்க 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் ஒரு பீடிகூடப் பிடித்திருக்கமாட்டார்கள்!

இன்னொன்று, அவசரமானது. கக்கூஸ் கழுவ பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லை என்று மேலே ஆசிட் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்து ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை சிலிண்டரைத் திறந்துவிட்டதும் இதே குளோரின்தான். கெமிஸ்ட்ரி லேபில் நாமே தயாரித்துப் பார்த்த வாயு. வீட்டில் அம்மாவுக்கும், ஹாஸ்டலில் கழுவ வருகிற அக்காவுக்கும் இதை யார் சொல்வது? படித்த நாம்தானே?

எல்லாவற்றையும் விஷம் விஷம் என்று பயமுறுத்துவது என் வேலை இல்லை. உதாரணத்துக்கு, சாக்பீஸ் தூசி. தும்மல் வரும், சட்டை பாழாகும். சிலிக்காவோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது. எதற்குப் பயப்படவேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளத்தானே மூன்று வருஷம் படிக்கிறோம்?

ஒர்க் ஷாப்புகளிலும் மில்களிலும் ஒரு நம்பிக்கை உண்டு. வேலை முடிந்ததும் வாழைப்பழமோ வெல்லமோ சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். சில இடங்களில் முதலாளியே தினமும் வாழைப்பழம் வாங்கித் தருவார். நல்ல மனசுதான். ஆனால் பழம் போகிற குழாய் வேறு, காற்று போகிற குழாய் வேறு. வயிற்றுக்குள் போன வெல்லம் நுரையீரலை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாச்சு என்ற திருப்தியில், தண்ணீர்க் குழாய் போடாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

"அதான் மாஸ்க் இருக்கே" என்பீர்கள். கொரோனா வந்தபிறகு என்-95 என்ற பெயர் எல்லாருக்கும் மனப்பாடம். நல்லதுதான், போடுங்கள், கர்ச்சீப்பும் துண்டும் இந்தச் சின்னத் தூசியைத் தடுக்காது. ஆனால் மாஸ்க்கைக் கடைசி வழியாகத்தான் வைக்கவேண்டும் என்பது என் கட்சி. மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, எட்டு மணி நேரம் மாஸ்க்கோடு வேலை பார்க்கச் சொல்கிறவர் முதலில் தானே ஒரு நாள் போட்டுப் பார்க்கட்டும். தூசி எழும்பவிடாமல் செய்வது முதல் வேலை, அதற்குத் தண்ணீர். எழும்பினால் அதே இடத்தில் உறிஞ்சுவது இரண்டாவது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே, உறிஞ்சும் சாதனம் தூசி பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். "பாலிடெக்னிக் ஒர்க் ஷாப் தொழிற்சாலை இல்லையேப்பா" என்று ஒரு சார் சிரித்தார். அந்த வித்தியாசம் நுரையீரலுக்குத் தெரியாதே, சார்!

நம்ம வெல்டிங் ஷாப்பில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. எங்கே? எதிர்ச் சுவரில், பத்தடி உயரத்தில். அது ஓடினாலும் புகை நம் முகத்தைத் தடவிக்கொண்டுதான் மேலே போகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவர்கள் யோசியுங்கள். உறிஞ்சும் வாயிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அங்கே காற்றின் வேகம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். பத்தடிக்கு அப்பால் அந்த ஃபேன் வெறும் அலங்காரம். ஆர்க்குக்கு ஓரடி பக்கத்தில் ஒரு சின்ன வாய் இருந்தால், சின்ன பிளோயரே போதும்.

இன்னும் ஆறு மாதத்தில் நம்மில் பலர் அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் என்று டிரெய்னியாகப் போவோம். இரண்டு வருஷத்தில் சூப்பர்வைசர். பத்து கான்ட்ராக்ட் ஆட்கள் நம்மைப் பார்த்து "சார், உலர்வாவே அறுத்துடலாமா? தண்ணி புடிச்சா லேட்டாகும்" என்று கேட்பார்கள். பதில் சொல்லப்போவது மேனேஜர் இல்லை, நாம்தான்.

அதற்கு முன்னால் இங்கேயே ஒன்று செய்யலாம் என்று மாணவர் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். வெல்டிங் பூத் ஆறுக்கும் நீள அகலம் அளந்து, தகரக் குழாய்க்கு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். ஷீட் மெட்டல் ஷாப்பில் நாமே மடித்து ரிவெட் அடித்துவிடலாம். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் மோட்டார் கனெக்‌ஷனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிளோயர் மட்டும்தான் வாங்கவேண்டும். இந்த வருஷம் ஆண்டு விழா மெல்லிசைக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். ஃபவுண்டரிக்கு ஒரு தண்ணீர்க் குழாய், தரையைப் பெருக்கும்முன் தெளிக்க. உடைந்து கிடக்கிற சைக்கிள் ஸ்டாண்ட் ஷீட்டை ஆள்விட்டு உடைத்து அள்ளாமல், நனைத்து, முழுசாகக் கழற்றிக் கட்டி வைக்கவேண்டும். அடுத்த பொதுக்குழுவுக்கு வரைபடத்தோடு வருகிறேன். எதிர்த்துப் பேச நினைக்கிறவர்கள் அன்றைக்குக் காலையில் ஒரு மணி நேரம் மூன்றாவது பூத்தில் நின்றுவிட்டு வாருங்கள்.